பெரிய டாக்டரை மாப்பிள்ளையாக்கிய மார்கழி

எங்கள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் ஒரு காலத்தில் இப்படி ஒரு பெயரோடு ஒரு வீடியோ இருந்தது: "சொட்டு மருந்து ஃபைனல், புது ஃபைனல், பெரிய டாக்டர் பார்த்தது, மேட்ரன் பார்க்கல, இதுதான் ஃபைனல்." பெயரே இவ்வளவு நீளம் என்றால் உள்ளே இருந்த படம் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கண்ணில் சொட்டு மருந்து எப்படி விட வேண்டும் என்று காட்டுகிற சின்னப் படம், அவ்வளவுதான். அதற்குள் ஒரு குழந்தையைப் பெற்று நடக்கப் பழக்கியிருக்கலாம், அந்தப் படம் முடிந்தபாடில்லை.

வேங்கிக்கால் பக்கம் இருக்கும் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரி அது. அங்கே வீடியோ பிரிவுக்கு நான் பொறுப்பு. சென்னையில் ஒரு டிவி சேனலில் பல வருஷம் குப்பை கொட்டியவள். என் வீட்டுக்காரருக்கு இங்கே கலெக்டர் ஆபீசுக்கு மாற்றல் வந்தது, நானும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் இனி வீடியோவாக எடுக்கப்போகிறோம், அதை நடத்த ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அப்போது எனக்கு இருந்த தலைக்கனத்துக்கு நாட்டையே நடத்தக் கொடுத்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆள் பிடிக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. ஊரில் நல்ல கேமராக்காரர் யார் என்று விசாரித்தால் எல்லாரும் ஒரே ஆளைக் கைகாட்டினார்கள். தேரடித் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். திருவண்ணாமலையில் பாதிப் பேருடைய கல்யாண ஆல்பம் அவர் எடுத்ததாகத்தான் இருக்கும். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. தன் கேமராவுக்குள் வந்துவிட்டால் எந்தப் பெண்ணும் அழகாகத்தான் இருந்தாக வேண்டும் என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். மாதச் சம்பள வேலை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கலாம், மழைக்காலத்தில் மண்டபம் மண்டபமாக அலைய வேண்டாம் என்று நான் பேசிப் பேசி அவரைக் கரைத்தேன். ஸ்டூடியோ போர்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலையில் சேர்ந்தார்.

எடிட்டிங்குக்கு அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஊரிலுள்ள ஸ்டூடியோக்களுக்கெல்லாம் கல்யாண வீடியோ வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அதிகம் பேசமாட்டாள். பிடிக்காத ஷாட் வந்தால் மட்டும் அவளிடமிருந்து 'ப்ச்' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'ப்ச்'சுக்கு கேமராக்காரரே பயப்படுவார்.

எங்கள் முதல் படமான அந்தச் சொட்டு மருந்துப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்தது எரிச்சல். பெரிய டாக்டர் வார்டுக்குள் நுழைகிறார். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அவர் நுழைவது மெல்ல மெல்ல, கோட்டு காற்றில் பறக்க, பின்னணியில் நாதஸ்வரம் ஒலிக்க. கட்டிலருகே வந்து நிற்கும்போது மேலேயிருந்து ரோஜா இதழ்கள் கொட்டுகின்றன. எடிட்டர் பெண்ணைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டேன். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வரும்போது எப்போதும் போடுவதுதான், கை பழக்கத்தில் விழுந்துவிட்டது என்றாள். கேமராக்காரர் மட்டும், "இதழ் கொஞ்சம் ஜாஸ்திதான் மேடம், கம்மி பண்ணிக்கலாம்" என்றார்.

இதழ்களை எடுத்ததோடு பிரச்சினை தீரவில்லை, தொடங்கியது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டுத் தன் நெற்றி பளபளக்கிறது என்றார். அதைச் சரிசெய்தால், நர்சிங் பிரிவுக்குத் தலைவியான மேட்ரன் அம்மா, நர்ஸ் கையில் வளையல் தெரிகிறது, திரும்ப எடுங்கள் என்றார். திரும்ப எடுத்தால், நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிற அட்மின் சார், சுவரில் பழைய லோகோ இருக்கிறதே என்றார். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் மருந்துக் கம்பெனி பாட்டிலின் மூடி நிறத்தை மாற்றிவிட்டது. திருத்தம் சொல்வதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குரூப். விடிந்தால் வாய்ஸ் மெசேஜ், குளித்துவிட்டு வந்தால் வாய்ஸ் மெசேஜ், சாம்பார் கொதிக்கும்போது வாய்ஸ் மெசேஜ். ஒருவர் வைக்கச் சொன்னதை இன்னொருவர் எடுக்கச் சொல்வார். இந்தக் கழுத்தறுப்பில் எத்தனையோ படங்கள் பாதியில் நின்றன. வெளியே வந்தது ஒன்றுகூட இல்லை.

தீபாவளி முடிந்ததும் அட்மின் சார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், சுற்றி வளைக்காமல் பேசுவார். தையில் புது பிளாக் திறக்கிறோம், வார்டுக்கு வார்டு டிவி வைக்கப்போகிறோம், அதில் ஓட்டுவதற்குப் படம் வேண்டும். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறது. பொங்கலுக்குள் உங்கள் படங்கள் தயாராக இருந்தால் உங்கள் பிரிவு இருக்கும், இல்லாவிட்டால் வேலையை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பிரிவை மூடிவிடுவோம் என்றார். எனக்கு வரவேற்பு மேசைப் பக்கம் ஏதாவது ஒரு நாற்காலி போடுவார்களாம். மற்ற இருவர் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

விஷயத்தை இருவரிடமும் மறைக்காமல் சொன்னேன். எடிட்டர் பெண் திரும்பிப்போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கேமராக்காரர் மட்டும் சாயங்காலம் என் மேசைக்கு வந்து நின்றார். தேரடித் தெரு கடையை அதன் சொந்தக்காரர் இன்னும் வேறு யாருக்கும் விடவில்லை. புது வேலை ஒத்துவராவிட்டால் திரும்பி வரட்டும் என்று பூட்டியே வைத்திருந்தார். இப்போது செல்போன் கடை வைக்க ஒருவர் கேட்டு நச்சரிக்கிறாராம். தை பிறந்ததும் முடிவாகப் பதில் சொல் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். கடையைக் கையைவிட்டால் அந்தத் தெருவில் இன்னொரு கடை சாமானியமாகக் கிடைக்காது.

"நீங்களே சொல்லுங்க மேடம். கடைய விட்டுடலாங்களா, வேணாங்களா?" என்று கேட்டார்.

நான் கூப்பிட்டதால் வந்த மனுஷன். விடு என்று சொல்லி, பிரிவை மூடிவிட்டால் அவருக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. விடாதே என்று சொன்னால் நாம் தோற்கத்தான் போகிறோம் என்று நானே சொன்ன மாதிரி. தை வரட்டும் பார்க்கலாம் என்று மழுப்பி அனுப்பினேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தி மாவின் மேல் கோபத்தைக் காட்டினேன்.

கார்த்திகை பிறந்து, தீபத்துக்கு முன்னால் வந்த ஒரு முகூர்த்த நாள். கேமராக்காரருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. எடிட்டர் பெண்ணுக்குத் தலைவலி. நானே அன்று பாதி நாள் லீவுதான். என் வீட்டுக்காரரின் ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர் மகளுக்குப் போளூர் ரோட்டில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். விடிந்தும் விடியாமலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் இறங்கினோம்.

மேடைக்கு முன்னால் ஒரு ஸ்டூல். அதன் மேல் காய்ச்சல்காரர் நின்றுகொண்டிருந்தார், கையில் கேமராவோடு, நெற்றியில் பட்டையாக விபூதியோடு. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்ன அறை. அங்கே லேப்டாப்புக்கு முன்னால் தலைவலிக்காரி, வாயில் பாதி இட்லி. முந்தின நாள் சாயங்காலம் நடந்த ரிசப்ஷன், பாட்டெல்லாம் சேர்த்து, அதற்குள் கூடத்துத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் காபி டம்ளரும் கையுமாக நின்று பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பொய் சொன்னதற்காக வந்த கோபம் கம்மி. ஒரு சொட்டு மருந்துப் படத்தை மாதக்கணக்கில் முடிக்காத இதே இரண்டு பேர், ஒரு ரிசப்ஷனையே ராவோடு ராவாக முடித்துக் கொடுத்திருக்கிறார்களே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது. அதே கை, அதே கேமரா, அதே லேப்டாப். அப்படியானால் ஆஸ்பத்திரியில் மட்டும் என்ன கேடு? கோபத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.

மேடையில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பைவிடப் பெரிய கூட்டம். ஒரு அத்தை, இந்தப் பக்கமிருந்து எடுப்பா என்கிறார். மாப்பிள்ளையின் அண்ணன், அங்கே என்ன, இங்கே வா என்கிறார். பெரியப்பா ஒருவர் லைட்டையே திருப்புகிறார். கேமராக்காரர் எதற்கும் அசையவில்லை. கையைத் தூக்கி ஒரே குரல் கொடுத்தார். "பொண்ணு வூட்டு மாமா யாருங்க? மாப்பிள்ளை வூட்டு மாமா யாருங்க? அவங்க ரெண்டு பேரு மட்டும் எங்கிட்ட பேசுங்க. மத்தவங்க அவங்ககிட்ட சொல்லுங்க."

இரண்டு மாமாக்கள் முன்னால் வந்தார்கள். அவ்வளவுதான், மேடை அடங்கிவிட்டது. அத்தை தன் குறையைப் பெண் வீட்டு மாமாவிடம் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டு தலையாட்டினார், கேமராக்காரரிடம் சொல்லவில்லை. எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று மாமாக்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பக்கக் கல்யாணங்களில் இது எப்போதும் நடப்பதுதான். நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனால் ஒருநாளும் கவனித்ததில்லை. கெட்டிமேளம் முழங்கியபோது யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. அவரும் ஒரே எடுப்பில் எடுத்து முடித்தார்.

பந்தியில் என் எதிர் வரிசைக்கு அவர் வந்து உட்கார்ந்தபோதுதான் என்னைப் பார்த்தார். முகம் போன போக்கை நான் படம் பிடித்திருக்க வேண்டும். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"இப்பத்தான் மேடம், கொஞ்சம் கம்மியாச்சு," என்றார்.

என் வீட்டுக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. நான் சிரிக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டும்போது ஷாட் தவறிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, தாலி கட்டும்போது ஒன்ஸ் மோர் கேட்க முடியுமா, தவறவே கூடாது, அதனால் தவறாது என்றார். மனுஷனின் தெனாவெட்டை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் பிடித்தது. பாயசம் வருவதற்குள் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தீபம் முடிகிற வரைக்கும் இந்த ஊரில் வேறு பேச்சு எடுபடாது. ரோடெல்லாம் தடுப்பு, ஆஸ்பத்திரியிலும் அவசரத்துக்கு வருகிறவர்கள் மட்டும்தான். கூட்டம் வடிந்த பிறகு பெரிய டாக்டர், மேட்ரன் அம்மா, அட்மின் சார், மற்ற டாக்டர்கள் எல்லாரையும் ஒரு மீட்டிங்குக்கு அழைத்தேன். அன்று காலை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நான் வெளியேறியிருந்தேன். வீட்டை விட்டு ஓடிப்போனவளைப் பார்ப்பது போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னது இதுதான். இனிமேல் ஒவ்வொரு படமும் ஒரு கல்யாணம். என்ன எடுக்கப்போகிறோம் என்பதை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து முன்னாலேயே பேசிக்கொள்வோம். நிச்சயதார்த்தத்தில் சண்டை போடுகிற மாதிரி அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கேமரா வந்து நின்றுவிட்டால் இரண்டே மாமாக்கள்தான் பேசலாம். வைத்தியத்துக்கு ஒரு மாமா, நோயாளியையும் நர்சுகளையும் பார்க்க ஒரு மாமா. எடுத்த படத்தை அன்றைக்கே வெட்டி, சாயங்காலம் கேன்டீனில் எல்லாருக்கும் ஒருமுறை போடுவோம். இரண்டு மாமாக்களும் சரி என்றால் சரி. வாய்ஸ் மெசேஜ் யார் அனுப்பினாலும் கேட்கமாட்டோம்.

வைத்தியத்துக்குக் கருவிழிப் பிரிவில் இருந்த ஒரு அமைதியான டாக்டரைச் சொன்னேன். நோயாளிகள் பக்கத்துக்கு மேட்ரன் அம்மா. அவர் மீசை இல்லாத மாமாவாக இருக்கச் சம்மதித்தார். பெரிய டாக்டர் அதுவரை பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியைக் கட்டியவர், இந்த ஜில்லா முழுக்க அவர் கை பட்ட கண்கள். அவர் குரல் எழும்பினால் சுவர்க்கடிகாரமும் நின்று கேட்கும்.

"அப்ப நான் யாரும்மா? எந்த வீட்டு மாமா?" என்றார்.

"நீங்க மாப்பிள்ளைங்க, டாக்டர்."

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"கேமராக்காரர் சொல்ற பக்கம் திரும்பறதுங்க."

மேட்ரன் அம்மாதான் முதலில் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. பிறகு அட்மின் சார். கடைசியில் பெரிய டாக்டரும் சிரித்துவிட்டார். ஒரு மாதம் மாப்பிள்ளையாக இருந்து பார்க்கிறேன், ஒத்துவராவிட்டால் பழையபடி மாமனார் ஆகிவிடுவேன் என்று எச்சரித்தார்.

என் ஆட்கள் இருவரிடமும் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இனிமேல் காய்ச்சல், தலைவலி எதுவும் வரக்கூடாது. முகூர்த்தம் என்றால் முகூர்த்தம் என்றே சொல்லுங்கள், நாளைப் பார்த்து நான் வேலையை மாற்றி வைத்துக்கொள்கிறேன் என்றேன். எடிட்டர் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, மார்கழியில் எங்களுக்குத் தலைவலியே வராது மேடம் என்றாள். உண்மைதான். மார்கழியில் கல்யாணம் கிடையாது. முகூர்த்தமே இல்லாத அந்த ஒரு மாதம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் எனக்கே எனக்கு.

அந்த மார்கழியை நான் மறக்கவே மாட்டேன். காலையில் கோயில் பாட்டு கேட்டு எழுந்து ஓடுவேன். பேச்சு ஒரு நாள், ஷூட்டிங் மறுநாள், அன்று சாயங்காலமே கேன்டீனில் படம். சர்க்கரை நோய்க்காரர்கள் கண்ணைச் சோதிப்பது பற்றி ஒன்று, ஆபரேஷனுக்கு முதல் நாள் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்று, தலைக்கு எப்போது குளிக்கலாம் என்று ஒன்று. கத்தரிக்காய் பறிப்பது போல வரிசையாகப் பறித்துக்கொண்டே இருந்தோம். வளையல் தெரிந்தால் மேட்ரன் அம்மா அங்கேயே கழற்றச் சொன்னார். மூடியின் நிறத்தைக் கருவிழி டாக்டர் முன்னாலேயே பார்த்து வைத்தார். பெரிய டாக்டரிடமிருந்து நடுவில் சில வாய்ஸ் மெசேஜ்கள் வந்தன. நான் மேட்ரன் அம்மாவுக்குத் தள்ளிவிட்டேன். அவர் அவற்றை என்ன செய்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கடைசியாக மீந்து நின்றது பழைய சொட்டு மருந்துப் படம்தான். இந்த முறை ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கட்டைப் பிரிப்பதிலிருந்து தொடங்குவது என்று பேசி முடித்தோம். பெரிய டாக்டர் ஒரு நாடக நடிகையைக் கூப்பிட்டு நடிக்கவைக்கலாம் என்றார். மேட்ரன் மாமா ஒரே வார்த்தையில் மறுத்தார். நிஜமான நோயாளிதான் வேண்டும் என்றார்.

எடிட்டர் பெண்தான் ஆளைச் சொன்னாள். அடி அண்ணாமலையில் அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. வலது கண்ணில் புரை முற்றிப்போய், இடது கண்ணும் மங்கி, டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் குறி தவறாது. பௌர்ணமிக்கு முன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், கடையில் உட்கார்ந்து மருமகள் வியாபாரம் பண்ணுவதை மேற்பார்வையாவது பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். பெரிய டாக்டரே ஆபரேஷன் செய்தார்.

மறுநாள் காலை வார்டில் ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. கேமராக்காரர் ஒரு கேமராவை அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக ஸ்டாண்டில் வைத்தார், இன்னொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, துணைக்கு வந்திருந்த மருமகள் பக்கம் நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. மண்டபத்தில் பார்த்த அதே ஆள். தை பிறக்க அதிக நாளில்லை.

பெரிய டாக்டர் கட்டைப் பிரித்தார். மெதுவாகக் கண்ணைத் திறங்கள் என்று கனிவாகச் சொன்னார். அந்த அம்மா மெதுவாகவெல்லாம் திறக்கவில்லை, கடை ஷட்டரைத் தூக்குகிற மாதிரி திறந்தார். நேரே பெரிய டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் டாக்டருங்களா? குரலைக் கேட்டு வாலிபப் புள்ளைன்னு இல்ல நெனச்சிட்டேன்," என்றார்.

வார்டே சிரித்தது. பெரிய டாக்டரும் தன்னை மறந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததேயில்லை. சிரிப்பு அடங்கியதும் அவருக்குக் கேமரா ஞாபகம் வந்துவிட்டது. முகத்தை இறுக்கிக்கொண்டு, இது சரியாக வரவில்லை, திரும்பக் கட்டுப் போடுங்கள், இன்னொருமுறை எடுக்கலாம் என்றார். ஒரு நர்ஸ் பழக்கதோஷத்தில் பஞ்சை எடுக்கக் கையை நீட்டிவிட்டாள்.

"மாப்பிள்ளை பேசக்கூடாதுங்க, டாக்டர்," என்றார் மேட்ரன் அம்மா.

கட்டிலில் இருந்த அம்மாவும் விடவில்லை. "ஒருதரம் தொறந்த கண்ண எதுக்குங்க மறுபடியும் மூடணும்?"

பெரிய டாக்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். இத்தனைக்கும் நடுவில் கேமராக்காரர் கேமராவை இறக்கவேயில்லை. மேட்ரன் அம்மா மருந்துப் பாட்டிலை மருமகளிடம் கொடுத்து விடச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கியது. முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. மாமியார், என் கண்ணு மேலே இருக்கிறது என்றார். கீழ் இமையை இப்படி இழுத்துப் பிடி என்று மேட்ரன் அம்மா காட்டினார். இரண்டாவது சொட்டு சரியாகக் கண்ணுக்குள் விழுந்தது. மருமகள் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை எந்த நடிகைக்கு எவ்வளவு கொடுத்தாலும் வாங்கியிருக்க முடியாது.

எடிட்டர் பெண் மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவளிடமிருந்து ஒரு 'ப்ச்'கூட வரவில்லை என்பதை நான் கதவருகே நின்று கவனித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் கேன்டீனில் படம் போட்டோம். கன்னத்தில் விழுந்த சொட்டும் இருந்தது, பெரிய டாக்டரின் சிரிப்பும் இருந்தது. கருவிழி டாக்டர் தலையசைத்தார். மேட்ரன் அம்மா தலையசைத்தார். பெரிய டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வாலிபப் பிள்ளை விஷயத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று மேட்ரன் அம்மாவிடம் பவ்வியமாகக் கேட்டார். முடியாது என்றார் அவர். அப்படியே படம் முடிந்தது. அதற்குச் "சொட்டு மருந்து" என்று மட்டும் பெயர் வைத்தேன்.

மறுநாள் வெளிநோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் அதை ஓட்டினோம். அங்கே ஆஸ்பத்திரிப் படம் ஏதாவது வந்தாலே யாராவது எழுந்து வந்து சீரியல் போடச் சொல்வது வழக்கம். அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. செங்கத்துப் பக்கமிருந்து வந்திருந்த ஒருவர் டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் போகாமல் நின்றார். டீக்கடை அம்மா வாயைத் திறந்ததும் ஹால் முழுக்கச் சிரிப்பு. மருமகள் கை நடுங்கியபோது பெண்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெரியவர் தன் வீட்டுக்காரம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் பாட்டிலே இல்லாமல். இன்னொருதரம் போடுங்கள் என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

ஹால் தூணோரமாக அட்மின் சார் நின்றிருந்தார். அடுத்த சில நாட்களும் அவர் அங்கே வந்து வந்து நின்றார், ஒவ்வொரு படத்துக்கும். போகிக்கு முதல் நாள் என்னை அறைக்கு அழைத்தார். சென்னைக் கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது என்றார். புது பிளாக்கில் எங்களுக்கு ஒரு அறை, இன்னொரு கேமரா. பிரிவு நிரந்தரம். இதைச் சொல்லிவிட்டு, லேப் ஆட்களுக்கும் இரண்டு மாமாக்களை வைக்க முடியுமா, அங்கேயும் ரிப்போர்ட் கையெழுத்தாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டார். பார்க்கலாம் சார் என்று மிடுக்காகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே வந்ததும் அந்த மிடுக்கெல்லாம் போய்விட்டது. வராந்தாவில் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனேன். என் வாழ்க்கையில் பரீட்சை ஜெயித்திருக்கிறேன், சேனலில் பரிசு வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் எனக்காக. இப்படி நெஞ்சு நிறைந்து, யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல ஒருநாளும் இருந்ததில்லை.

எடிட்டிங் அறையில் இருவரும் ஏதோ ஒரு ஷாட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். எடிட்டர் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கேமராக்காரர் பெருமையாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எங்கள் முன்னாலேயே கடைச் சொந்தக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நான்தான். கடைய அந்தச் செல்போன்காரருக்கே குடுத்துடுங்க," என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "இல்லண்ணே. இனிமே திரும்பி வரமாட்டேன்."